கடுவனைச் சந்தையிலை விட்டது

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலை. மீன் வாங்குற பொம்பிளையள் என்ரை முகத்தைப் பாத்துப்போட்டுத்தான் விலை கேப்பினம். அந்தக் கோபத்திலை செய்த எத்தனையோ கோணங்கித்தனங்களை நான் மறந்திட்டன். ஒண்டை மட்டும் மறக்க ஏலாமல் கிடக்கு. அது ஒரு பூனைக் கதை. பூனைக் கதைதானே எண்டு நினைக்காதையுங்கோ. நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

நாங்கள் வடக்குக் கரைக்காரர். கடலிலை போய் வந்த உடம்புதான் இது. அறுபதைத் தொட்ட பிறகு முழங்கால் ஒத்துவரேல்லை. இப்ப விடிய வெள்ளனக் கரையிலை மீனை ஏலம் கூறி விக்கேக்கை வாங்கி, றிஜிபோம் பெட்டியிலை ஐஸ் போட்டு, மோட்டார் சைக்கிளிலை கட்டிக்கொண்டு கரையை விட்டு உள்ளுக்கு வெளிக்கிடுவன். நீர்வேலி ஒழுங்கையள், பிறகு சுன்னாகம், கடைசியா மருதனார்மடத்துச் சந்தையடி. பிள்ளையள் வெளிநாட்டிலை. வீட்டிலை நானும் மனிசியும் இரண்டு பூனையும்.

முதல் வந்தது கடுவன், ஆண் பூனை. எங்கையிருந்து வந்தது எண்டு தெரியாது, ஒருநாள் குசினி வாசலிலை வந்து குந்தினான், பேந்து போகேல்லை. மூக்கிலை பழைய காயம், சண்டியன் முகம். விளையாட்டுக் கிளையாட்டு ஒண்டும் கிடையாது. என்ரை மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடக்கிலை கேட்டால் மட்டும் படலையடிக்கு ஓடி வருவான்.

மற்றதை மனிசிதான் கரையிலை வள்ளத்துக்குக் கீழை கிடந்து எடுத்தவ. ஒரு கைக்குள்ளை அடங்கிற குட்டி. கண் இரண்டும் பீழை கட்டி ஒட்டிப்போய்க் கிடந்தது. "உது தப்பாது. எடுத்த இடத்திலை கொண்டுபோய் விடும்" எண்டன். அவ என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. உப்புத் தண்ணியிலை பஞ்சை நனைச்சு நனைச்சு ஒரு கிழமையாத் துடைச்சா. கண் திறந்துது. உள்ளுக்கு அவிச்ச மீன்ரை கண் மாதிரி வெள்ளையா இருந்துது. நான் குருடி எண்டு கூப்பிட்டன். "உங்கடை வாயிலை ஒரு நல்ல சொல்லு வராதோ" எண்டு மனிசி பேசினா. பிறகு பிறகு அந்தச் சொல்லையே நான் கொஞ்சித்தான் சொன்னனான், அதையும் சொல்லவேணும்.

அவளுக்குத் தான் குருடி எண்டு தெரியாது. அப்பிடி ஒரு விளையாட்டுக்காரி. நான் நடந்து போனால் கதவுக்குப் பின்னாலை பதுங்கியிருந்து என்ரை சாரத்திலை பாய்வாள். அரைவாசி நேரம் சாரத்துக்குப் பதிலா வாளியிலை போய் விழுவாள். விழுந்திட்டு, வாளியிலை பாயத்தான் வந்தனான் எண்ட மாதிரி இருந்து காலை நக்குவாள். எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் சிரிச்சால் மனிசி கண்டிடுவா எண்டு வெளியிலை போயிடுவன். தென்னைக்குக் கீழை விழுகிற குரும்பட்டிதான் அவளுக்குப் பந்து. சீமெந்து நிலத்திலை தட்டித் தட்டிக்கொண்டு ஓடுவாள். குரும்பட்டி உருண்டு போய் எங்கையாவது நிண்டுதெண்டால் சத்தம் இல்லை, அவளுக்கு அது காணாமல் போனமாதிரி. அப்ப கடுவன் எழும்பி வந்து அதை ஒருக்காத் தட்டிவிடுவான். அவள் சத்தத்தைக் கேட்டுப் பாய்வாள். அவன் திரும்பிப் போய்ப் படுத்திடுவான். இது ஆரும் சொன்ன கதையில்லை, நான் கண்ணாலை கண்டது.

வெளியிலையும் அவன் போற வழிதான் அவளுக்கு வழி. அவன் முன்னுக்கு, அவன்ரை வாலிலை மூக்கு முட்டுற அளவிலை அவள் பின்னுக்கு. கிணத்தடியிலை மட்டும் அவன் அவளுக்கும் கிணத்துக்கட்டுக்கும் நடுவிலை நடப்பான். மனிசி இதைச் சொல்லேக்கை நான் நம்பேல்லை. பேந்து பாத்தன், உண்மைதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறா. மனுசன் இல்லாத ஆள். சூடையும் நெத்தலியும் வாங்கி, பழைய வலையிலை பரவிக் காயவைச்சு, கருவாடு வித்துத்தான் சீவியம். அவவின்ரை கருவாடு குறையத் தொடங்கிச்சு. வலைக்குப் பக்கத்திலை எங்கடை கடுவன் நிண்டதை அவ கண்டிட்டா. ஒருக்காச் சொன்னா. ரெண்டாந்தரமும் சொன்னா. மூண்டாந்தரம் வேலிக்கு மேலாலை தலையை நீட்டி, "தம்பி, இனி நான் கதைக்க மாட்டன். மருந்துதான் வைப்பன்" எண்டா.

அவ சொன்னதிலை பிழையில்லை. எனக்குத்தான் முகத்திலை அடிச்சமாதிரி இருந்துது. மீன் விக்கிறவன்ரை பூனை, ஒரு தனிப் பொம்பிளையின்ரை மீனைக் களவெடுக்குது. வீட்டிலை தின்னக் குடுக்கேல்லையோ எண்டு ஊர் கேளாதோ. அந்த நேரம் பாத்து வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளாலை கடுவன் வாறான், அவனுக்குப் பின்னாலை குருடி. களவுக்குப் போகேக்கை உந்தக் கண் தெரியாததையும் இழுத்துக்கொண்டு திரியிறியோடா எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மாவோ சொன்னவை?

பூனையைச் சாகடிச்சால் பெரிய பாவம், அதாலை எங்கடை பக்கத்திலை ஆரும் கொல்லமாட்டினம். சாக்கிலை கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையிலை விடுவினம். வழி தெரியாமல் இருக்கச் சாக்கை மூண்டுதரம் சுத்துவினம். சந்தையெண்டால் தின்னக் கிடைக்கும், பாவம் எங்களைச் சேராது எண்டு ஒரு கணக்கு. அண்டைக்கு மனிசி கோயிலுக்குப் போயிருந்தா. நான் உரப்பைக்குள்ளை ஒரு மீன் தலையைப் போட்டன். கடுவன் தானாவே உள்ளுக்குப் போனான். வாயைக் கட்டினன். அவன் கத்தேல்லை. நான் கட்டினதாலை ஒண்டும் வராது எண்டு இருந்திட்டானாக்கும்.

வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனன். கண் இருக்கிறவன் எங்கையும் பிழைப்பான், குருடியை நாங்கள் பாப்பம், இஞ்சை நிண்டால் அக்கா மருந்து வைச்சுச் சாகடிச்சிடுவா, நான் அவனைக் காப்பாத்திறன் எண்டெல்லாம். மருதனார்மடத்துச் சந்தையிலை மீன் வெட்டுற மேசையளுக்குப் பின்னாலை பையை அவிழ்த்தன். வெளியிலை வந்து அங்கையும் இங்கையும் பாத்தான். பிறகு என்ரை மோட்டார் சைக்கிள் சில்லுக்குப் பக்கத்திலை வந்து குந்தினான், வீட்டை போகக் காத்திருக்கிறமாதிரி. நான் சத்தமா ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்திட்டன்.

"கடுவனைக் காணேல்லை" எண்டா மனிசி.

"கடுவன் தானே. எங்கையாவது பெட்டையைத் தேடிப் போயிருக்கும். வரும்" எண்டன்.

மூண்டு நாள் குருடி வேலிப் பொட்டடியிலையே இருந்தாள். நாலாம் நாள் அக்கா கூப்பிட்டா. "தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ." நானும் மனிசியும் போனம். வலைக்கு நடுவிலை குருடி. வாயிலை ஒரு சூடைக் கருவாடு. வீட்டை வர வெளிக்கிடுறாள், வலை கட்டின தடியிலை முட்டுறாள், திரும்புறாள், மற்றத் தடியிலை முட்டுறாள். கடைசியிலை கருவாட்டைப் போட்டிட்டு நிண்ட இடத்திலை நிண்டு கத்தினாள்.

அக்கா சிரிச்சா. பிறகு சிரிக்கேல்லை. "இவளோ கள்ளி? எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டன் தம்பி. கண் தெரியாத சீவன், தின்னட்டும். யோசிச்சுப் பாத்தால் உங்கடை கடுவன்ரை வாயிலை நான் ஒருநாளும் ஒண்டும் காணேல்லை. இவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்து நிண்டிருக்கிறான்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். எடுத்தது குருடியெண்டு தெரிஞ்சிருந்தால் எல்லாரும் மன்னிச்சிருப்பம். ஒருத்தரையும் சாக்கிலை கட்டவேண்டி வந்திராது. நான் மனிசியைப் பாத்தன். அவ குருடியைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா.

அண்டையிலையிருந்து அவள் தின்னுறதை நிப்பாட்டினாள். மனிசி குரும்பட்டியை உருட்டிவிட்டா. காது திரும்பிச்சு, அவள் எழும்பேல்லை. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். வருத்தம் ஒண்டும் தெரியேல்லை, எப்பிடியாவது தின்னப்பண்ணுங்கோ, இல்லாட்டில் தப்பாது எண்டிட்டுப் போனார். மனிசி மீன் அவிச்ச தண்ணியை ஊசிக்குழாயிலை எடுத்துக் கடைவாயாலை விட்டா. பாதி வெளியிலை வழிஞ்சுது. கடுவன் வந்தால் இவள் தின்னுவாள் எண்டு எனக்கு விளங்கிச்சு. அதை எனக்குள்ளையே வைச்சுக்கொண்டு சந்தைக்குப் போனன்.

அவன் அங்கைதான் நிண்டான். ஒரு காது கிழிஞ்சிருந்தது. முந்தி என்ரை மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஓடி வந்தவன், அதே சத்தத்தைக் கேட்டதும் மேசைக்குக் கீழை போயிட்டான். நல்ல மீன் ஒண்டை வைச்சுப் பாத்தன். நான் போகுமட்டும் அவன் வரேல்லை. அடுத்த நாளும் அப்பிடித்தான்.

பிறகு எனக்கு ஒரு யோசினை வந்துது. எனக்கு வராட்டிலும் அவளுக்கு வருவான் தானே. சுன்னாகத்து வைத்தியரிட்டைக் காட்டிக்கொண்டு வாறன் எண்டு மனிசிக்கு இன்னொரு பொய்யைச் சொல்லி, குருடியை வெறும் பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டுபோனன். சந்தை கலைஞ்ச நேரம். பெட்டியை நிலத்திலை வைச்சு மூடியைத் திறந்தன். அவள் ஒருக்கா மெல்லமாக் கத்தினாள்.

கடுவன் வந்தான். நேரா வந்தான். என்னைப் பாக்கவேயில்லை. பெட்டி விளிம்பிலை முன்னங்காலை வைச்சு முகத்தை உள்ளுக்கு நீட்டினான். எனக்கு அழுகை வந்திட்டுது, மறைக்கேல்லை.

அவள் சீறினாள். சீறிக்கொண்டு அவன்ரை மூக்கிலை அடிச்சாள். திரும்பவும் அடிச்சாள். அவனிலை சந்தைச் சாக்கடைக் காணின்ரை நாத்தம், வேறை கடுவன்களின்ரை மூத்திர நாத்தம். அவளுக்கு அவன் எண்டால் அவன்ரை மணம்தான். அந்த மணத்தை நான் இல்லாமல் பண்ணிப்போட்டன். அவன் திருப்பி அடிக்கேல்லை. பின்னுக்குப் போனான். போகவிட்டால் முடிஞ்சுது எண்டு நான் பாய்ஞ்சு அவன்ரை பிடரியிலை பிடிச்சன். என்ரை பெருவிரலடியிலை எலும்பிலை முட்டுமட்டும் கடிச்சான். கையை விட்டன். போயிட்டான்.

குருடி அதுக்குப் பிறகு எட்டு நாள் இருந்தாள். எட்டாம் நாள் மத்தியானம், மனிசியின்ரை மடியிலை. அதை இப்பவே சொல்லிப்போடுறன், இழுத்துக்கொண்டு போக எனக்கு ஏலாது.

கடிச்ச அடுத்த நாள் கை வீங்கிப்போச்சு. சந்தையிலை ஒரு பூனை கடிச்சிட்டுது எண்டு மனிசிக்குச் சொன்னன். அவ நிண்ட பாட்டிலை என்னையும் கூட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்டா. அங்கை ஒரு சின்னப் பிள்ளை, தாதி, பதிவெழுதிக்கொண்டு இருந்தா.

"வீட்டுப் பூனையோ ஐயா, கட்டாக்காலியோ?"

மனிசி முந்திக்கொண்டு, "கட்டாக்காலி, பிள்ளை. சந்தையிலை நிண்டது" எண்டா.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஏலாமல் போச்சு. "இல்லைப் பிள்ளை. வீட்டுப் பூனை. எங்கடை கடுவன்" எண்டன்.

மனிசி என்னைத் திரும்பிப் பாத்தா.

"அப்ப ரெண்டு கிழமைக்கு வீட்டிலை வைச்சுப் பூனையைக் கவனிக்கவேணும். இப்ப வீட்டிலை தானே நிக்குது?"

"இல்லை. நான்தான் உரப்பையிலை கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையிலை விட்டிட்டன்."

அந்தப் பிள்ளை ஒரு நிமிசம் பேனையைப் பிடிச்சுக்கொண்டு யோசிச்சா. "அப்ப கட்டாக்காலி தானே ஐயா" எண்டு எழுதிப்போட்டு, ஊசி போடுற அறையைக் காட்டினா.

வெளியிலை வந்து மோட்டார் சைக்கிளிலை ஏறினம். மனிசி ஏசுவா எண்டு பாத்தன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். பாதி வழியிலை, பின்னாலை இருந்து, "இஞ்சாருங்கோ, ஒருக்கா நிப்பாட்டுங்கோ" எண்டா. நிப்பாட்டினன். அவ இறங்கேல்லை.

"கருவாட்டை எடுக்கிறது அவள் எண்டு எனக்கு முதலே தெரியும்" எண்டா. "கட்டிலுக்குக் கீழை வால்துண்டுகள் கிடக்கும். நான் கூட்டி அள்ளி எறிஞ்சுபோட்டு இருந்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அவனைத்தானே பேசினனீங்கள். அவன் தாங்குவான் எண்டு இருந்திட்டன்."

வீட்டை போகேல்லை. மருதனார்மடத்துக்குத் திருப்பினன். சந்தைக்கு ஒரு ஒழுங்கை தள்ளி மோட்டார் சைக்கிளை விட்டிட்டு நடந்து போனம். நான் தூரத்திலை நிண்டன். மனிசி சீலையை ஒதுக்கிக்கொண்டு அந்த ஈர நிலத்திலை குந்தியிருந்து, வீட்டிலை சோத்துக்குக் கூப்பிடுற அதே குரலிலை கூப்பிட்டா. கனநேரம் கூப்பிட்டா. மேசைக்குக் கீழை, கடைசி மூலையிலை அவன் இருந்தான். அவவைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவன். வரேல்லை.