பனங்கொட்டைகளுக்குப் பால் கொடுக்கும் கறுப்பி

எங்கள் வீட்டு நாய் கறுப்பி இன்று காலையில் சூப்பிப்போட்ட பனங்கொட்டைகளைக் கவ்வி வந்து, விறகுப்புரையில் குவித்து, அணைத்துப் படுத்துவிட்டது. நார் நாராக இருப்பதால் குட்டி போலவே இருக்கிறது. கஞ்சி வைத்தால் தொடவில்லை. கிட்டே போனால் உறுமுகிறது. மடியில் பால் வேறு.

இரண்டு மாதம் முன்பு அது சூட்டுக்கு வந்தபோது, ஒரு கடுவன் நாயையும் அண்டவிடாமல் கம்போடு காவல் நின்றவன் நான். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.

மாட்டு வைத்தியரிடம் ஓடினேன்.

"லேய், சூடு கழிஞ்சா சில பெட்டைக்கு இப்பிடித்தான். குட்டி போட்டதா நெனச்சுக்கிடும். பாலைப் பீச்சிராத, பின்னயும் சுரக்கும். கொட்டைய எடுத்து மாத்து. ரெண்டு மூணு வாரத்துல சரியாவும்."

வந்து கொட்டைகளை அள்ளினேன். மைனி ஓடிவந்தாள். அவளைக் கட்டிய மறுமாதமே அண்ணன் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான். மூன்று வருடமாகிறது.

"தம்பி, ஒண்ணாவது கெடக்கட்டும்."

"வைத்தியரு எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாரு மைனி."

"அவருக்கென்ன, வீடு நெறய பிள்ளையளாக்கும்."

ஒன்றை விட்டுவைத்தேன். கறுப்பி அதை நக்கிக்கொண்டே இருந்தது. மைனி பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சோறு குழைந்தது.

இதை வாசகசாலைச் சுவரில் ஒட்டுகிறேன். கொழும்புக்குப் போகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். அண்ணனைக் கண்டால், நாய்க்குச் சுகமில்லை, உடனே வா என்று சொன்னால் போதும். மூளை இருந்தால் அவனுக்கு விளங்கும்.