குழாயில் தண்ணீர் வருகிறதா?

மலாக்கா டவுனில் தென்கரை நீர்வாரியம் என்று ஒன்று இருந்தது. அரசாங்கமே முதல் போட்டு, அரசாங்கமே நடத்தி, அரசாங்கத்துக்கே அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்த வாரியம். அங்கே நான் டைப்பிஸ்ட். எனக்கு எதிர் மேசை சற்குணத்துடையது. யாழ்ப்பாணத்துக்காரர், மூத்த கிராணி, அதாவது குமாஸ்தா. கடிதத்தில் கமா ஒன்று இடம் மாறியிருந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நாங்கள் சின்னவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஆனால் மேனேஜர் மேசைக்குப் போகிற தாளை ஒருமுறை அவரிடம் காட்டாமல் யாரும் அனுப்ப மாட்டோம்.

பதினேழு வருட வேலையில் அவர் இரண்டே இரண்டு தப்புகள் செய்தார். முதலாவதைச் சரிக்கட்டத்தான் இரண்டாவதைச் செய்தார். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து செய்தார், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் தப்பு ஐம்பத்தாறில் நடந்தது. செலண்டார் பக்கம் மெராந்தி ரப்பர் தோட்டத்தில் அறுபது குடும்பங்களை முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, ஆற்றோரத்துப் பழைய லயத்து வீடுகளை இடித்து, ஜனங்களை ரோட்டோரம் கொண்டுவந்து வேலி கட்டியிருந்தார்கள். ஜனம் வந்துவிட்டது, ஆறு வரவில்லை. அதற்காக வாரியம் குழாய் போட்டது. வேலை முடிந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போட சற்குணத்தை அனுப்பினார்கள்.

அந்த நாளில் அந்தப் பக்கம் தனியாகப் போக முடியாது. முன்னும் பின்னும் போலீஸ் வண்டி வரும், இறங்கினால் பத்து நிமிடம்தான் நேரம். நிரப்பிக் கொடுக்க வேண்டிய பாரத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. குழாய் பதித்தாயிற்றா? தூண் நட்டாயிற்றா? தூணில் பைப் திருகு மாட்டியாயிற்றா? மூன்றும் கண்ணெதிரே இருந்தன. வால்வை நாளைக்குத் திறந்துவிடுவோம் என்று கூட வந்த ஃபிட்டர் சொன்னான். போலீஸ்காரர் ஹாரன் அடித்தார். சற்குணம் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வால்வைத் திறந்தார்கள். அந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏற்றுகிற சக்தி பம்புக்கு இல்லை. ஆனால் ஃபைலில் 'முடிந்தது' என்று ஏறிவிட்டது.

அடுத்த வருடம் காளியம்மா வந்தாள். மெராந்தி தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள், நாற்பது வயது இருக்கும். செலண்டாரிலிருந்து பஸ் பிடித்து எங்கள் கவுண்டருக்கு நேரே வந்து நின்றாள்.

"கிராணியாரே, அந்தக் கொழாயப் புடுங்கி எடுத்துக்கிட்டுப் போயிருங்க-லா. சும்மா நிக்குது. ஆட்டத்தான் கட்டுறோம்" என்றாள்.

சற்குணம் எழுந்து போனார். "ஏனம்மா, தண்ணி வரேல்லையோ?"

"என்னிக்கு வந்துச்சு? விடியக்காலம் பெரட்டுக்குப் பேரு கூப்பிடுறதுக்கு முன்னாடி ஆத்துக்கு ஓடி ரெண்டு தகரம் தண்ணி தூக்கியாறோம். போக அரைக் கட்டை தூரம், வர அரைக் கட்டை தூரம். புள்ளத்தாச்சியும் அதே ஓட்டந்தான்."

அவர் அங்கேயே புகார் எழுதி, அவள் கைநாட்டை வாங்கி மேலே அனுப்பினார். மூன்றாவது வாரம் அது திரும்பி வந்தது. 'மேற்படி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது' என்று ஒரு வரி. அதற்கு ஆதாரமாக, சற்குணம் கையெழுத்துப் போட்ட பழைய பாரத்தின் நகலையே ஊசி குத்தி வைத்திருந்தார்கள். அன்றைக்குக் கமா எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவர்தான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருதரம் காளியம்மா வருவாள். கத்த மாட்டாள். 'என்னாச்சு கிராணியாரே?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கொஞ்ச நாளில் அவள் தலை தெரிந்தால் அவர் பின்பக்கம் போய் நின்றுகொள்ள ஆரம்பித்தார். அந்த மனிதர் ஒளிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

அறுபதாம் வருடம் பிப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது. புதிதாகக் கூடிய நாடாளுமன்றம், அரசாங்கம் நடத்துகிற தொழில்களை நேரில் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு கமிட்டி போட்டிருந்தது. ஐந்து உறுப்பினர்கள் எங்கள் வாரியத்துக்கு வருகிறார்கள். எதைப் பார்ப்பது, எங்கே எவ்வளவு நேரம் என்பதை வாரியமே திட்டம் போட்டு அனுப்பட்டும் என்று எழுதியிருந்தார்கள். பரீட்சை எழுதப் போகிறவனிடமே கேள்வித்தாளைத் தயாரிக்கச் சொல்வது மாதிரிதான். பாவம், அவர்களுக்கும் அது புது வேலை.

மேனேஜர் வெள்ளைக்காரர். மூன்று இடங்களைக் குறித்துக் கொடுத்தார். டுரியான் துங்காலில் புது பம்ப் ஹவுஸ், ரெஸ்ட் ஹவுஸில் சாப்பாடு, கடைசியில் எங்கள் அலுவலகம். திட்டத்தை விரிவாக எழுதுவது சற்குணத்தின் பொறுப்பு. அந்த மாதம்தான் தலைமைக் கிராணி ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த நாற்காலி சற்குணத்துக்குத்தான் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். அவர் மனைவி பராசக்தி அம்மா, இதற்காகக் கோயிலில் அர்ச்சனைக்கே சொல்லி வைத்துவிட்டாராம்.

சற்குணம் எழுதிக் கொடுத்ததை டைப் அடிக்க உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் கை நின்றது. 'காலை பத்து மணி, மெராந்தி தோட்டம், குடிநீர்க் குழாய். நாற்பது நிமிடம்.'

"மிஸ்டர் சற்குணம், இது மேனேஜர் குடுத்த லிஸ்டுல இல்லையே."

"அடியும், தனபாலன்."

"கேட்டா?"

"கேட்டா நான் சொல்லுறன். நீர் மூண்டு பிரதி அடியும்."

மேனேஜர் கேட்கவில்லை. சற்குணத்தின் தாளை யாராவது படித்துப் பார்ப்பார்களா? முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சற்குணம் அன்றைக்கே ஒரு பிரதியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய் முத்திரை வாங்கிவிட்டார். கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் பிறப்பித்தபோது வந்த வழக்கம் அது. பெரிய ஆட்கள் தோட்டப்புறம் போவதென்றால் போகிற வழியை முன்கூட்டியே போலீஸில் பதிய வேண்டும், பதிந்த வழியை மாற்றுவதானால் மூன்று நாள் முன்னால் சொல்ல வேண்டும். மலாக்காவில் வெடிச்சத்தம் நின்று இரண்டு மூன்று வருடமாகியும் யாரும் அந்த விதியை எடுக்கவில்லை. சற்குணத்தைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகமும் இல்லை.

கமிட்டி சனிக்கிழமை வருகிறது. மேனேஜர் வியாழக்கிழமை இரண்டாம் பக்கத்தைப் படித்தார். உடனே ஸ்டேஷனுக்கு போன் போட்டார். மூன்று நாள் வேண்டும் சார் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். பிறகு சற்குணத்தைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. மேனேஜர் குரல் உயரவே இல்லை. "இத்தனை வருடமாக உன் தாள் எதையும் நான் படித்ததில்லை, சற்குணம்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது என்று சற்குணம் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை சுருக்கெழுத்து எடுக்க நானும் போனேன். வேலிக் கதவு திறந்தே கிடந்தது. பத்து மணிக்குக் கார்கள் நின்றன. தூணைச் சுற்றிப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தது, ஆட்டைக் காணோம். மேனேஜர் தானே போய் குழாயைத் திருகினார்.

தண்ணீர் கொட்டியது.

சற்குணத்தின் முகம் செத்துப் போயிற்று. என்ன நடந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. ரப்பர் பாளங்களை உலர்த்துகிற புகைக்கூட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லோரியை நிறுத்தி, அதிலிருந்து குழாய்க்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள் என்பதைப் பிறகுதான் பார்த்தோம். கமிட்டித் தலைவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த மலாய்க்காரர், வயதானவர். கையை நனைத்துக்கொண்டு, நல்ல தண்ணீர் என்றார். மேனேஜர் கார் பக்கம் கையைக் காட்டினார்.

அப்போதுதான் லயத்துக்குள் சலசலப்பு கேட்டது. குழாய்த் தண்ணீரைப் பார்த்த பெண்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். குடம் வந்தது. மண்ணெண்ணெய்த் தகரம் வந்தது. சோற்றுப்பானை, ரசச்சட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பேசின், பிஸ்கட் டின், சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற செம்பு வரை வந்துவிட்டது. அறுபது வீட்டுப் பாத்திரமும் வேலி வரைக்கும் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. காளியம்மா ஒரு கையில் குடமும் ஒரு கையில் இட்டலிச் சட்டியுமாக நின்றாள்.

தலைவர் காரில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்: "தினமும் தண்ணீர் வருகிற வீட்டில், சோற்றுப்பானையில் ஏன் பிடித்து வைக்கிறீர்கள்?"

பெண்கள் தோட்டத்துக் கங்காணியைப் பார்த்தார்கள். கங்காணி பக்கத்திலேயே நின்றார். என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார். காளியம்மா சற்குணத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அவருக்கு ஒளிந்துகொள்ளப் பின்பக்கம் இல்லை.

அவர் முன்னால் வந்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் சுருக்கெழுத்துப் புத்தகத்தில் இருக்கிறது. "ஐயா, இந்தக் குழாயில் இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தண்ணீர் வருகிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். குழாய் இருக்கிறதா என்று பாரத்தில் கேட்டிருந்தது. தண்ணீர் வருகிறதா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை."

மேனேஜர் தரையைப் பார்த்தார். தலைவர் அருகில் இருந்த தகரத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிடத்தில் குழாய் இருமியது, இரண்டு தடவை காற்றைத் துப்பியது, நின்றுவிட்டது. வரிசையில் பதினோராவது பாத்திரம் பாதிதான் நிறைந்திருந்தது.

அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் குழாயே உண்மையைச் சொல்லியிருக்கும். நாற்காலியும் தப்பியிருக்கும். திரும்பி வரும்போது பொறுக்க மாட்டாமல் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"நாலு வருஷம் பொறுத்தது போதும், தனபாலன்" என்றார்.

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. சற்குணத்தைப் பெம்பான் என்ற சின்ன ஊருக்கு மாற்றினார்கள். அங்கே வாரியத்துக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது, குழாய்ச் சாமான்கள் போட்டு வைக்கிற ஸ்டோர். கமாவுக்குக் கவலைப்பட அங்கே கடிதம்கூட இல்லை. பராசக்தி அம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அர்ச்சனை மட்டும் நடந்ததாகக் கேள்வி.

ஆனால் கமிட்டி அவரை மறக்கவில்லை. இனி அரசாங்கத் தொழில்களை எப்படிப் பார்வையிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம், பாரம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்ப முடியுமா என்று தலைவர் அந்தக் கொட்டகைக்கே கடிதம் போட்டார். சற்குணம் பத்து நாள் எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் அரைப் பக்கம் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை போய் நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். முதல் கேள்வி, 'குழாயில் தண்ணீர் வருகிறதா?' அதற்குக் கீழே ஒரு குறிப்பு: 'இதற்கு அலுவலகத்தைச் சேர்ந்தவர் பதில் எழுதக் கூடாது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் சொல்லி, அவரே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும்.' கமிட்டி அதை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்துக்கொண்டது.

ஜூலை மாதம் மேட்டுக்குக் கீழே புது பம்ப் வைத்தார்கள். அந்தப் பாரத்தை முதன்முதலாக நிரப்ப வேண்டிய இடம் மெராந்தி தோட்டம். பாரத்தைக் கொண்டுபோனவன் நான். சற்குணம் லீவு போட்டுவிட்டு, கைநாட்டு மை டப்பாவோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அது திங்கட்கிழமை. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. புகைக்கூட்டுக்குப் பின்னால் போய் நானே பார்த்தேன், லோரி இல்லை.

காளியம்மா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள், முகத்தைக் கழுவினாள். சற்குணம் மை டப்பாவைத் திறந்து நீட்டினார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வருது கிராணியாரே. அன்னிக்கும்தான் வந்துச்சு" என்றாள். "மூணு நாள் வரட்டும். வியாழக்கெழம வாங்க, வக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சற்குணம் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு, "சரியம்மா, வியாழக்கிழமை வாறன்" என்றார். ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் பத்து நிமிஷத்திலை கையெழுத்து வச்சிட்டன், தனபாலன்" என்றார்.

வியாழக்கிழமை அவர் தனியாகத்தான் போனார். வெள்ளிக்கிழமை பாரம் என் மேசைக்கு வந்தது. முதல் கேள்விக்கு நேரே, 'வருகிறது' என்று அவருடைய கையெழுத்தில் எழுதி, பக்கத்தில் அவள் கைநாட்டு. ரேகை சரியாக விழவில்லை, மை ஒரு பக்கமாகக் கரைந்து ஓடியிருந்தது. இப்படிக் கறைபட்ட தாளைச் சற்குணம் எப்படி அனுப்பினார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகுதான் விளங்கியது. வைத்தபோது அவள் விரல் ஈரமாக இருந்திருக்கிறது.