மீன் இரத்தம் என்று நினைத்தேன்

கட்டில் விரிப்பில் இரத்தக்கறை பட்டால் எப்படி எடுப்பதென்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பச்சைத் தண்ணீரில் ஒரு பிடி உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். சுடுதண்ணீர் கிட்டவும் வரக்கூடாது. பட்டால் கறை துணியோடு பிடித்துக்கொள்ளும். பிறகு சவர்க்காரம், பிறகு வெயில். குருநகரில் கடற்றொழில் செய்பவரைக் கட்டி இருபத்தாறு வருடங்கள். இந்த வேலையில் என்னை வெல்ல ஆளில்லை என்ற தலைக்கனமும் எனக்கு இருந்தது.

என் கணவர் விடியற்காலையில் கடலால் வந்து, காலைக் கழுவிவிட்டு அப்படியே கட்டிலில் விழுவார். கடலுக்கு உடுத்துப்போன சாரத்தை மாற்றச் சொல்லி நான் கத்தாத நாளில்லை. அவர் எழும்பிப் போனபின் விரிப்பில் செதில் இருக்கும், மணல் இருக்கும், சிவப்புப் பொட்டுகளும் இருக்கும். ஒரு காலத்தில் அந்தப் பொட்டுகள் அவருடைய இடுப்புப் படும் இடத்தில் மட்டும் வரத் தொடங்கின. மீன் இரத்தம் என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே ஊறப்போட்டேன்.

மாதக்கணக்காக அப்படித்தான் தோய்த்தேன். மத்தியானம் கொடியில் காயும்போது ஒரு பொட்டும் தெரியாது.

வலை இழுக்கும்போது அவருக்குத் தலை சுற்றத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“எவ்வளவு நாளாய் இரத்தம் போகுது, ஐயா?” என்று மருத்துவர் கேட்டார்.

“ஒரு ரெண்டு கிழமை இருக்கும், டொக்டர். மூலமாக்கும் எண்டு விட்டிட்டன்.”

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. “இல்லை டொக்டர். மாரிக்கு முந்தியே நான் விரிப்பிலை கண்டனான். மீன் ரத்தமெண்டு தோய்ச்சுப் போட்டன்.”

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இப்ப வந்திட்டியள்தானே அம்மா. இனிச் செய்ய வேண்டியதைப் பாப்பம்” என்றார். நல்ல மனிதர்.

கொலனொஸ்கோப்பி (கமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது), பிறகு பயொப்சி (சிறு சதைத்துண்டை எடுத்துச் சோதிப்பது). மலக்குடலின் அடியில் புற்று என்று முடிவு வந்தது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, வயிற்றின் இடப்பக்கத்தில் ஸ்டோமா (மலம் வெளியேறக் குடலைத் தோலில் திறந்துவிட்ட வாய்) வைத்தார்கள். அதன்மேல் ஒட்டுகிற ஒரு பை. ஆயுளுக்கும் இனி அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தவர் விறாந்தையில் மடக்குக் கட்டிலை விரித்துக்கொண்டார். “பை கழண்டால் உன்ரை நல்ல விரிப்பெல்லாம் நாறிப்போகும்” என்றார். பத்து நாளைக்கு என்று நினைத்தேன். நாலு மாதமாயிற்று.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கும் இப்படி இருக்கும். அவர் பக்கத்துத் தலையணைக்கு நான் ஒவ்வொரு கிழமையும் உறை மாற்றினேன். அந்தப் பக்கம் சுருங்காமல் கிடக்கும். எத்தனை வருடங்கள் மூக்கைப் பொத்தித் திட்டிய அந்த உப்பும் மீனும் கலந்த மணத்துக்கு ஏங்கிக் கிடந்தேன். ஒரு சுவருக்கு அப்பால் இருமுகிற மனிதரை நினைத்து ஏங்குவது ஒரு தனி வதை.

ஒரு ஞாயிறு நான் பூசைக்குப் போயிருந்தபோது அவருடைய பை கசிந்துவிட்டது. நான் வருமுன் முடிக்க நினைத்து, மனிதர் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து மடக்குக் கட்டில் விரிப்பில் ஊற்றியிருக்கிறார். கறை நன்றாகப் பிடித்துவிட்டது. அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசினேன், தேசிக்காயை வெட்டிப் புளிச்சாறு தேய்த்தேன், வினாகிரியில் ஊறவைத்தேன், மூன்று நாள் வெயிலில் போட்டேன். உள்ளங்கை அளவு மண்ணிறம் மட்டும் போகவேயில்லை.

அந்த விரிப்பை எங்கள் கட்டிலில் விரித்தேன்.

“இஞ்சாருங்கோ, இது இனிப் பழுதாகாது. வந்து படுங்கோ.”

அவர் வாசலில் நின்றார். “உனக்கு அருவருப்பில்லையோ?”

“இருபத்தாறு வரியம் செதிலோடை படுத்தனான். உதுவோ எனக்கு அருவருப்பு?”

வந்து மல்லாந்து படுத்தார். பையின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். நான் அந்தக் கையின்மேல் என் கையை வைத்தேன். சூடாக இருந்தது. அவர் அழுதார், நானும் அழுதேன்.

இப்போது எங்கள் மாதங்கள் கிளினிக் நாட்களால்தான் நகர்கின்றன. காலையில் விரிப்பை உதறுமுன் யன்னலைத் திறந்து முழுவதையும் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். கறையை எடுக்குமுன் அது எங்கிருந்து வந்ததென்று கேளுங்கள். கூச்சப்பட்டால் இன்னொருமுறை கேளுங்கள்.

போன கிழமை முதன்முறையாக அவர் கரைக்குப் போனார். பாரம் தூக்கக்கூடாது, தன் தம்பியின் வலையில் மீன் கழற்ற மட்டும். வந்து, சாரம் மாற்றாமல் படுத்து, எழும்பிப் போனார். விரிப்பில் ஒரு சிவப்புப் பொட்டு.

குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. மீன்தான்.

“என்னப்பா, சாரம் மாத்தாமல் படுத்தும் இண்டைக்குப் பேச்சு ஒண்டும் விழேல்லை?” என்று குசினி அடுப்படியில் இருந்து கேட்டார்.

அன்று அந்த விரிப்பை ஊறப்போடவுமில்லை. கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன்.