முதல் ரேங்க்கின் நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்கு 'முதல் ரேங்க்' என்று பெயர். பள்ளியில் ஒட்டிக்கொண்டது கல்லூரியிலும் விடவில்லை. வீட்டுச் சாமான்கள் விற்கும் இந்தக் கம்பெனியின் நுழைவுத் தேர்விலும் அவள்தான் முதல் என்றதும், பெயர் அவளுக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

அங்கே மதிப்பெண்தான் இருக்கையை முடிவு செய்யும். நிறைய வாங்கியவர்கள் புகார்ப் பிரிவில், போனுக்கு முன்னால். குறைவாக வாங்கியவர்கள் பின்கட்டில், உதிரிபாகக் கிடங்கில். வாஷிங் மெஷினில் எந்த விளக்கு எதற்கு எரியும் என்பதை அவள் தலைகீழாகச் சொல்வாள். ஆனால் எதிர்முனையில் குரல் உயர்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மெஷின் கதவு திறக்கவில்லை, பிள்ளையின் சீருடை உள்ளே மாட்டிக்கொண்டது என்று ஓர் அம்மா அழுதபோது, உத்தரவாதம் எப்போது முடிந்தது என்று கேட்டு வைத்தாள்.

"உன்ன யாரும்மா இந்த வேலைக்கு எடுத்தது?" என்றாள் அந்த அம்மா.

அவளுக்கும் அதே சந்தேகம்தான்.

கிடங்குக்கு மாற்றும்படி மேலாளரிடம் கெஞ்சினாள். இவ்வளவு மார்க் வாங்கிய பெண் அட்டைப்பெட்டி அடுக்குவதாவது என்று அவர் சிரித்தார். திறமை இருக்கிறது, கவனம்தான் போதவில்லை. மறுதேர்வு எழுதட்டும் என்றார். வேலை ஓடாதவர்களுக்கு அந்தக் கம்பெனி கண்ட வைத்தியம் அது ஒன்றுதான். மறுபடி அதே தேர்வு, மார்க் சொல்லும் இடத்தில் இருக்கை.

அப்படியானால் தோற்றால் போதும். பக்கத்து இருக்கை அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

"கண்ண மூடிக்கிட்டு எதையாவது தொடுடி. நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன், நீ அப்படியே ஃபெயிலாயிடு."

தேர்வன்று கணினித் திரையில் முதல் கேள்விக்குத் தவறான விடையைத் தொட்டாள். சின்ன வயதில் ஒரு மார்க் குறைந்ததற்கு அப்பா சாப்பிடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தது நினைவுக்கு வந்தது. திருத்தினாள். அடுத்ததையாவது விட்டுவிடலாம் என்று பார்த்தால், கோபமாகப் பேசும் வாடிக்கையாளரிடம் முதலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருந்தது. சரியான விடை பளிச்சென்று தெரிந்தது. தெரிந்த விடையைத் தாண்டிப் போக விரலுக்குப் பழக்கமில்லை. நேரம் மிச்சமிருந்ததால் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கவும் செய்தாள்.

மறுபடியும் முதல். "நான் சொல்லல?" என்றார் மேலாளர். இனி மாற்றம் பற்றிய பேச்சே வேண்டாம் என்றும் சொன்னார். வீட்டில் அப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி மார்க்கைப் படித்தார்.

மறுநாள் அக்கா ஹெட்செட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

முதல் அழைப்பிலேயே ஒருவர் கத்தினார். தேர்வில் தொட்ட விடை அவளுக்கு ஓர் எழுத்து பிசகாமல் நினைவிருந்தது. வாயைத் திறந்தாள்.

"உத்தரவாதம் எப்போ முடிஞ்சுதுங்க?"