ஒரு பக்கம் ஒத்தடம், மறுபக்கம் ஈரச்சாக்கு

1. பசியாவரத்தில் ஒரு கல்யாணம். நைனா, அம்மா, நான் மூவரும் எங்கள் பாய்மரப் படகிலேயே போனோம்.
2. திரும்பும்போது நல்ல காற்று. பாய் புடைத்துக்கொண்டு நின்றது. பந்தியில் போட்ட இறால் தொக்கில் உப்பு கூடவா குறைவா என்று அம்மாவும் நைனாவும் வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்தார்கள்.
3. ஏரியில் வலை கட்ட நட்டிருக்கும் கழிகளை இடப்பக்கம் விட்டு நைனா படகைத் திருப்பினார். எப்போதும் அப்படித்தான் திருப்புவார்.
4. கழிகள் இடம் மாறியிருந்தன.
5. சிப்பித் திட்டின் மேல் ஏறினோம். அம்மா தாம்பூலப் பையோடு என் மடியில் வந்து விழுந்தாள்.
6. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினோம். படகு திட்டை விட்டு இறங்கியது. தண்ணீர் படகுக்குள் ஏறியது.
7. தாம்பூலப் பையைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தோம். ஒருவர் மாற்றி ஒருவர் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம். தேங்காய்கள் பத்திரம்.

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. இந்த இடம் இன்றைக்கு இன்னாருக்கு என்று ஊர் கூடி முறை வைத்திருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். திட்டை ஒட்டிய இடத்தின் பாடு அந்த வாரம்தான் பக்கத்து ஊருக்குப் போயிருந்தது. அவர்கள் தங்கள் கழிகளைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி நட்டிருந்தார்கள். பாடு மாறியது நைனாவுக்குத் தெரியும். முறை வைத்த கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார். ஆனால் கழியைக் கண்டதும் கை பழைய கணக்கிலேயே திரும்பிவிட்டது.

அடுத்த பாடு எங்களுடையது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், அமாவாசைத் தண்ணீர் வடியும்போது இறால் கூட்டமாக இறங்கும் இடம். வருஷத்தில் ஒரு முறைதான் எங்கள் வீட்டுக்கு வரும். அந்த அமாவாசையன்று விடியும்போது சொந்தப் படகோடு கரையில் நிற்க வேண்டும். இரவல் படகு செல்லாது. நிற்காவிட்டால் பாடு வரிசையில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு என் அத்தை வீடு. அத்தையின் கணவர், அதாவது மாமா, மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

"இன்னா மச்சான், கல்யாண சாப்பாடு படகுக்கும் போட்டாங்களா? இப்பிடி சாஞ்சு படுத்துக்கினு கீது."

"போய் உன் பைபர் படகத் தொடச்சு வை, போ" என்றார் நைனா.

"தொடச்சுட்டேன். அமாவாசைக்கு வலைய வெளிய எடுக்கலாமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமா படித்தவள். கும்மிடிப்பூண்டியில் பைபர் தொட்டி செய்யும் கம்பெனியில் வேலை. லீவு சொல்லிவிட்டுப் படகைச் சுற்றி வந்து பார்த்தேன். அடிப்பக்கம் ஒரு பலகை உடைந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சிப்பி மரத்தைச் சீவியிருந்தது. உடைந்ததை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைப்பது, இடுக்கில் குங்கிலியமும் எண்ணெயும் தோய்த்த பஞ்சை அடைப்பது, அதன்மேல் பைபர் இழைத் துணியும் ரெசின் பசையும் போட்டு மூடுவது: வேலை இவ்வளவுதான். முதல் இரண்டும் நைனாவின் வேலை, ஒரே நாளில் முடித்துவிட்டார். மூன்றாவதில் சண்டை வந்தது.

"நைனா, மரம் நல்லா காயணும். ஈரத்துமேல ரெசின் ஒட்டாது."

"படகு காஞ்சா மத்த பலகையெல்லாம் வாயப் பொளந்துக்கும். ஒரு ஓட்டைய அடைக்கப் போய் ஊர்ப்பட்ட ஓட்டையா?"

"ஒட்டலன்னா நடு ஏரியில தோலு மாதிரி உரிஞ்சு வரும்."

"வாய் பொளந்தா நடு ஏரி வரிக்கும் போவவே போவாது!"

இரண்டு பேர் சொன்னதுமே சரி, அதனால் சண்டை முடியவில்லை. மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அவ சொல்றது இந்த ஒரு மொழம். நீ சொல்றது மிச்சப் படகு. அத்த நனைங்க, இத்தக் காய வைங்க. இதுக்கு இன்னாத்துக்கு ஊரக் கூட்டறீங்க?"

அப்படியே செய்தோம். படகைச் சாய்த்து, கோட்டைப் பக்கம் கிடக்கும் டச்சுக்காரர் காலத்துச் சின்னச் செங்கற்களை முட்டுக் கொடுத்து, ஒரு முழம் மட்டும் விட்டு மற்ற இடமெல்லாம் ஈரச்சாக்கு போர்த்தினோம். நைனா குடம் குடமாகச் சாக்கின்மேல் தண்ணீர் ஊற்றினார். அந்த ஒரு முழத்துக்கு அம்மா மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். நைனாவின் தண்ணீர் ஒரு சொட்டு இந்தப் பக்கம் தெறித்தாலும் அம்மா குரல் கொடுப்பாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "படகுக்கு இடுப்புப் புடிப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் அத்தை தன் வீட்டு இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணல் வறுத்தாள். மாமா தேடிக்கொண்டு வந்தார்.

"நமக்கு வரவேண்டிய பாட்டுக்கு உல வைக்கறது நம்ம வூட்டு சட்டியேவா?"

"எங்கண்ணன் படகு. ஒனக்கு மீன் வறுவல் வேணும்னா சட்டி திரும்பி வர்ற வரிக்கும் குந்து."

மாமா குந்தினார். கொஞ்ச நேரத்தில் சாக்குக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆரம்பித்தார். கை சும்மா இருந்தால் வலிக்கிறதாம்.

மரம் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் தாளை மரத்தின்மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் காலையில் தாளில் வியர்த்திருக்கும். இரண்டு காலையும் வியர்த்திருந்தது. அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் தாள் தெளிவாக இருந்தது. உடனே ரெசினில் அதை இறுக்கும் ஹார்ட்னரைக் கலந்து, பைபர் துணியை மூன்று அடுக்காக வைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் பிரஷ்ஷால் அழுத்திக்கொண்டு வந்தேன்.

கடைசி அடுக்கு பிசுபிசுப்பாக இருக்கும்போதே கிழக்கே கருத்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த அகலத்துக்குத் தார்ப்பாய் கிடையாது. முதல் தூறல் என் கையில் விழுந்தபோது மாமா தன் வலைகளை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை உருவி இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அம்மா, அத்தை, நைனா, மாமா நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அடியில் ஒட்டுப் போட்ட இடத்தைக் காவல் காத்தேன்.

"உன் வலை நனையுதுய்யா" என்றார் நைனா.

"நனையட்டும். மழ வந்து இவனுக்குப் பாடு வாங்கிக் குடுத்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். அந்தப் பேச்சு எனக்கு வேணாம்." அப்புறம் மூலையை இன்னும் உயர்த்திப் பிடித்து, "நீயா முழுகுனாத்தான் எனக்கு சந்தோசம்" என்றார். அத்தை தன் மூலையைத் தாழ்த்தி, தேங்கியிருந்த தண்ணீரை அவர் தலையில் சரித்தாள்.

மழை பெரிதாகவில்லை. ஒட்டு இறுகியது. விரல் நகத்தால் தட்டிப் பார்த்தேன், கெட்டியான சத்தம்.

விடியலில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். ஊர்ப் பெரியவர் எங்கள் வீட்டைக் கூப்பிட, நைனா படகின்மேல் கைவைத்துக்கொண்டு, "இங்கதான் கீறோம்!" என்று கத்தினார். பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்டாலே போதும், அவர் கத்தியது பசியாவரம்வரை கேட்டிருக்கும். பாய் விரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் என் கால் நனைந்தது. பயந்துபோய் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவினேன். அங்கே பொட்டு ஈரமில்லை. கசிவு படகின் மூக்குப் பக்கத்தில். அங்கே போர்த்திய சாக்கை யாரும் நனைக்கவில்லை.

"அந்தப் பக்கம் ஒங்க மாமன் பொறுப்பு" என்றார் நைனா. இறைத்துக்கொண்டே சிரித்தோம், சிரித்துக்கொண்டே வலை கட்டினோம். தண்ணீர் வடிந்தபோது இறால் வலையைத் தள்ளிக்கொண்டு வந்து நிறைந்தது. கூடைகள் போதாமல் குடத்திலும் அள்ளினோம்.

இப்போதைய நிலைமை: படகு மிதக்கிறது. ஒட்டு பிடித்திருக்கிறது. மூக்குப் பக்கக் கசிவு மரம் ஊறியதும் நின்றுவிட்டது. எங்கள் பாடு முடிந்தது. அடுத்த பாடு மாமாவுடையது. அவர் வலை இன்னும் காயவில்லை. எங்கள் படகின் பாய்மரத்தில் கட்டி உலர்த்திக்கொண்டிருக்கிறோம்.