தாழ்வாரத்து ஆபீஸ்

பீடி சுற்றும் வேலையை வீட்டில் இருந்தபடி செய்வது நல்லதா, நாலு பேரோடு கூடி உட்கார்ந்து செய்வது நல்லதா என்று கேட்டால் எங்கள் தெருவில் சண்டையே வரும். தொண்ணூறுகளில் நான் இலையும் தூளும் பரப்புகிற சுளகும் கத்தரியுமாக இருந்த காலத்தில் இந்தப் பேச்சு ஓயாமல் நடந்தது. சேரன்மகாதேவியிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வடக்கே வந்தால் எங்கள் ஊர். பீடிக் கடையில் இலையும் புகையிலைத் தூளும் நூலும் தருவார்கள். சுற்றிக் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கே உட்கார்ந்து சுற்றினாய் என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

வீடுதான் வசதி என்பார்கள் பாதிப் பேர். உலையைப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளை அழுதால் எடுத்துக்கொள்ளலாம், காலை நீட்டிக்கொள்ளலாம். எனக்கு அது ஒத்துவராது. வீட்டில் உட்கார்ந்தால் கையும் ஓடாது, வாய்க்கும் வேலை இருக்காது. தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த நெல் குடோனின் தாழ்வாரத்தில் சுற்றும் கூட்டத்தில் நான் ஒருத்தி. எங்களில் மூத்தவளை எல்லோரும் மைனி என்போம். அவள்தான் அந்தத் தாழ்வாரத்துக்கு ஆபீஸ் என்று பேர் வைத்தாள். காலையில் வாசலில் வந்து நின்று, "ஏளா, ஆபீஸுக்கு நேரமாச்சு, மேனேஜர் வையப் போறாரு" என்பாள். மேனேஜர் என்பது குடோன் கதவடியில் படுத்துக் கிடக்கும் நாய். "வீட்டுல சுத்துற பீடியில புகை வரும், ருசி வராதுளா" என்றதும் அவள்தான். அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று விழுந்தால் நான் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்த ஒரு சின்னப் பெண்ணும் எங்களோடு உட்கார்ந்தாள். பேச்சு குறைவு, கை வேகம். அவள் புருஷன் லாரியில் லோடு ஏற்றப் போகிறவன். அவன் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் அக்கா என்பான். ஒருநாள் அவனே தாழ்வாரத்துக்கு வந்தான். சிரித்தபடி, "இனிமே அவ வீட்டுலயே சுத்தட்டும்க்கா. வெயில்ல எதுக்கு வந்து கெடக்கணும்? கடைக்கும் நானே கொண்டு போயிருதேன்" என்றான்.

தெருவில் மாமியார்மார் மெச்சி மெச்சிப் பேசினார்கள். "பொண்டாட்டிய எப்படி நிழல்ல வச்சிருக்கான் பாரு" என்று தங்கள் மகன்களிடமே சொன்னார்கள். அவள் மட்டும் அன்று சுளகைத் தூக்கும்போது எங்களில் ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டு ஜன்னல் சாத்தியே இருந்தது. பீடி சுற்றுகிற வீட்டில் ஜன்னலைச் சாத்தமாட்டார்கள். தூள் நெஞ்சில் இறங்கிவிடும். கடைக்குப் போகும்போது மைனி ஜன்னலோரம் நின்று, "தங்கச்சி, இருக்கியா?" என்று குரல் கொடுப்பாள். உள்ளே இலை வெட்டும் கத்தரிச் சத்தம் சட்டென்று நிற்கும். நாங்கள் நாலு வீடு தாண்டின பிறகுதான் மறுபடி கேட்கும்.

ஐப்பசி மழை தொடங்கின சமயம். கடையில் வரிசையில் நிற்கிறோம், எங்களுக்கு முன்னால் அவள் புருஷன். கணக்கப்பிள்ளை அவன் கொண்டு வந்த கட்டுகளைப் பிரித்து, பாதியை ஆகாது என்று கழிவில் தள்ளினார். "என்னலே இது, யாரு புதுசா பழகுதா?"

"அவளுக்குக் கொஞ்சம் காய்ச்சல் அண்ணாச்சி. அதான்."

நான் கழிவைப் பார்த்தேன். மைனியும் பார்த்தாள். வலது கையால் உருட்டினால் இலையின் ஓரம் ஒரு பக்கமாக முடியும், இடது கையால் உருட்டினால் எதிர்ப்பக்கம். எத்தனை நாள் அந்தச் சின்னப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் வலது கைக்காரி. கழிவில் கிடந்த பீடி எல்லாம் எதிர்ப்பக்கம் முடிந்திருந்தது. காய்ச்சல் வந்தால் கை நடுங்கும், கை மாறுமா?

வழியெல்லாம் மைனி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்குப் பிரியும் இடத்தில் நின்று சொன்னாள்: "நாளைக்கு ஆபீஸை அங்கன மாத்திருவோம்."

மறுநாள் சுளகோடு அவள் வீட்டுக்குப் போனோம். கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்கியது. உள்ளே கத்தரிச் சத்தம். சுவரோரம் ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தோம். மேனேஜர் கூடவே வந்துவிட்டதைச் சொல்லி நான் சத்தமாகக் கேலி பண்ணினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருமல் கேட்டது. இருமலுக்கு நடுவே ஒரு சின்னச் சிரிப்பு. சிரிப்பா, அழுகையா, இன்று வரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அவன் வந்தான். "என்னக்கா, இங்கன உக்காந்திருக்கிய?"

"அங்கன ஓடு ஒழுகுது தம்பி" என்றாள் மைனி.

"இன்னைக்கு மழையே இல்லையே."

"பெய்யும்லா."

அவன் சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்தான். நாங்கள் அவனுக்கு முன்னால் உள்ளே போய்விட்டோம். அவள் மூலையில் சுளகோடு இருந்தாள். வலது கை விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது. மணிக்கட்டு வரை வீக்கம். நாங்கள் அதைப் பார்க்காதது போல அவளைச் சுற்றி உட்கார்ந்தோம்.

மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். அவன் பூட்டுவதை விட்டுவிட்டான். லாரிக்குப் போவதையும் விட்டுவிட்டான். வாசலுக்கு எதிரே வாய்க்கால்மேல் இருந்த சின்னப் பாலக்கட்டையில் உட்கார்ந்து எங்கள் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தான். கோபம் காட்டியிருந்தால்கூட பயம் குறைந்திருக்கும். "டீ வாங்கியாரவாக்கா?" என்றுதான் சிரித்தபடி கேட்பான்.

ஒரு மத்தியானம் அவள் குனிந்த தலை நிமிராமல், "அக்கா, அம்பாசமுத்திரத்துக்கு சாயங்கால பஸ் இருக்கா?" என்றாள். மைனி இலையை வெட்டிக்கொண்டே, "இருக்கு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பொழுது இறங்கும்போது நல்ல தூறல். பீடி நனையக் கூடாது என்று சாக்கைத் தலையோடு சுளகுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். மைனி அவளுக்கும் ஒரு சாக்கைப் போட்டாள். சுளகை இடது இடுப்பில் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "ஏளா, உனக்குத்தான் வாய் இருக்கே. பஸ் போற வரைக்கும் பேசிக்கிட்டே இரு" என்றாள்.

கூட்டமாக வெளியே போனார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பாலக்கட்டையை ஒட்டித் தண்ணீர் ஓடிய குறுகல் வழியில் அவர்கள் போவதற்காக அவன் காலை மடக்கி இடம் விட்டான்.

நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். கத்தரியை எடுத்து இலையை வெட்டினேன். பேசினேன். நெல்லு விலை பேசினேன், அவளைத் திட்டினேன், "இந்தாட்டி, நூலைப் பிடி" என்றேன், இல்லாத ஆளுக்குப் பதிலும் சொன்னேன். அவள் மாதிரி இருமியும் பார்த்தேன். பஸ் சத்தம் மட்டும் வரவே இல்லை.

கதவு திறந்தது. மழை சொட்ட நின்றான்.

"யாருகிட்டக்கா பேசுதீய?"

நான் இலையை வெட்டிக்கொண்டே இருந்தேன். அவன் மூலையைப் பார்த்தான், அடுப்படியைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"எந்த பஸ்?"

"எனக்கு பஸ்ஸைப் பத்தி என்ன தம்பி தெரியும்? நான் வீட்டுலயே கெடக்கிறவ."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். பைய வெளியே போய்க் கதவை இழுத்தான். பூட்டு விழுந்தது. பிறகு அவன் ஓடுகிற சத்தம்.

அந்த அறையில் உட்கார்ந்தபோதுதான் அவள் எத்தனை பகல் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. ஜன்னல் சாத்தினால் ஈர இலை நாற்றமும் தூளும்தான் காற்று. தெருவில் போகிறவர்கள் பேசுவது எல்லாம் கேட்கிறது, ஆனால் யாரும் நமக்காகப் பேசவில்லை. தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. நின்றதா, கிளம்பியதா, பிடித்துவிட்டானா? கத்தரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றேன்.

கல்லால் பூட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. மைனிதான். சேலையெல்லாம் சேறு.

"போயிட்டாளா?"

"போயிட்டா. பஸ்ஸுக்குப் பின்னாலயே ஓடுனான் சவத்துப் பய. ஆத்துப் பாலத்துக்கிட்ட நின்னுட்டான்."

அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் அவள் கைக்கு மாவுக்கட்டுப் போட்டதாக அவள் அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனான். புருஷன் கூப்பிடப் போனான், பெரியவர்களை விட்டுப் பேசவும் வைத்தான். அவள் வரவில்லை.

ஆனால் அவன் எங்கள் தெருவில்தான் இருந்தான். நாங்கள் குடோன் தாழ்வாரத்துக்கே திரும்பினோம். எதிரே வந்து உட்கார ஆரம்பித்தான். எங்கள் வீட்டு ஆண்கள் அதட்டினால் எழுந்து போவான், மறுநாள் வருவான். "பேசாம வீட்டுலயே இருந்து சுத்துங்களேன்" என்று அவர்கள் எங்களிடமும் சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்திகூடக் கேட்கவில்லை. முன்பு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் எல்லோருமே சுளகைத் திருப்பிப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தோம்.

அவள் சாக்குக்குள் போன அந்த நாள் வரை அவன் கண்ணுக்கு நாங்கள் பீடிக்காரிகள் என்கிற ஒரு கூட்டம், அவ்வளவுதான். இப்போது எங்களைத் தலை எண்ணப் பழகியிருந்தான். எங்களில் யாராவது உடம்புக்கு முடியாமல் வராமல் போனால், சிரித்த முகமாக எழுந்து கிட்டே வருவான்.

"ஒரு ஆளு கொறையுதேக்கா. வீட்டுல தனியாவா இருக்கு?"