தாய்மாமனுக்குத் தனி ரேட்டா?

என் நிச்சயதார்த்தம் இன்டர்நெட்டால் நின்றுபோகப் பார்த்தது. இப்போது நினைத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை சிங்கப்பூரில். லீவு கிடைக்கவில்லை. அதனால் கே.கே. நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி, வீடியோ காலில் அவரை உட்கார வைப்பதாக ஏற்பாடு. லால்குடியில் வாடகை வேன் விடுகிற அவருடைய தாய்மாமன் தலைமையில் எல்லோரும் வந்து இறங்கினார்கள்.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். திருவெறும்பூர் தொழிற்சாலையில் யூனியன் பேசிப் பழகின வாய், இருக்குமா? பேப்பரைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, நெட்ல கால் பேசினா போன் கம்பெனிக்காரன் அதுக்குத் தனிக் காசு வாங்கப் போறானாம். நெட்டுக்குத்தான் ஏற்கெனவே கட்டுறோமே! கவர்மென்ட் தட்டிக் கேக்க வேணாமா?" என்றார்.

"கவர்மென்ட் யாருங்க கேக்க?" என்றார் தாய்மாமன். "என் வண்டிக்கு நான் ரேட்டு வைக்கிறேன். கம்பெனிக்காரன் லைனுக்கு அவன் வைக்கிறான்."

"வைங்க, வேணாங்கல. ஏறினவன் சம்பந்தி வீட்டுக்குப் போறானா, சந்தைக்குப் போறானான்னு பாத்து ரேட்டை மாத்துவீங்களா?"

"மாத்துவேன்! என் வண்டி!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இதுக்கு ஒரு முடிவு தெரியாம இந்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெண் வீட்டில் சாப்பிட மறுத்தால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். அடக் கடவுளே! எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அநியாயத்துக்குப் பிடித்திருந்தது. உள்ளே பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. திரையில் மாப்பிள்ளை. "மாப்ளே!" என்று தாய்மாமன் முகமெல்லாம் பல்லாகக் குனிந்தார். அவ்வளவுதான், மாப்பிள்ளையின் திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் பேச மாட்டேங்கறான்?"

எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, பட்டுப்புடவை தடுக்கத் தடுக்க ரூமிலிருந்து வெளியே வந்தேன். "கம்பெனிக்காரன் லைனுதானேங்க? தாய்மாமனோட பேசுறதுக்கு மட்டும் தனி ரேட்டு வச்சிருப்பான்."

"தாய்மாமனுக்கா?" அவர் துள்ளி எழுந்தார். "தூக்கி வளத்தவனுக்குத் தனி ரேட்டா? எவன் வச்சான்? இதைக் கேக்க இந்த நாட்ல ஒரு கவர்மென்ட் இல்லியா?"

கூடமே வெடித்தது. சிரித்த சிரிப்பில் அப்பாவுக்குப் புரையேறியது. தாய்மாமன் முதலில் முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்து, "பொண்ணு வாய்க்காரிதான்" என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பாயசத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

தட்டு மாற்றி முடித்த பிறகு மாப்பிள்ளை சாதாரண காலில் வந்தார். "என்னாச்சு? நிச்சயம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க," என்றேன். "உங்க மாமா கவர்மென்ட் பக்கம் வந்துட்டாங்க."